தண்ணீர் அடைத்த கை

பத்து வருஷம் நானும் கட்டினவள்தான்.
கையுறையில் குழாய்த் தண்ணீர் பிடித்து
மணிக்கட்டில் முடிச்சிட்டு
எழ முடியாதவர்களின் குதிகாலுக்கு அடியில்
ஆளுக்கொரு கை வைத்துவிட்டு நகர்வேன்.
ஐந்து விரலும் உப்பிய வெள்ளைக் கை.
தூரத்திலிருந்து பார்த்தால்
வார்டு முழுக்க யாரோ யார் காலையோ
தாங்கிக்கொண்டிருப்பதுபோல் இருக்கும்.
யார் சொல்லிக்கொடுத்தது என்று தெரியாது.
எல்லோரும் கட்டினார்கள்.

ஒரு நைட் டூட்டியில்,
கொருக்குப்பேட்டை யார்டில் வேகன்கள் முட்டிக்கொள்ளும் நேரம்,
போனில் ஓர் ஆய்வைப் படித்தேன்.
அட்டவணையை மட்டும் மூன்று முறை.
தண்ணீர்க் கை அழுத்தத்தைக் குறைப்பதில்லை என்றது.
கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை கொடு,
குதிகால் எதன்மேலும் படாமல் நிற்கட்டும்.
அவ்வளவுதான்.
பத்து வருஷம் இரண்டு வரியில் முடிந்தது.

"அந்த ஆஸ்பத்திரியில எத்தனை தலையணை?"
ஹெட் நர்ஸ் ஞானசௌந்தரி கேட்டார்.
நியாயமான கேள்வி.
எங்களிடம் முப்பத்தெட்டுக் கட்டிலுக்கு ஒன்பது.
அதில் இரண்டுக்கு ரெக்சின் கிழிந்து
பஞ்சு வெளியே.

இருபத்துமூன்றில் தேசப்பன்,
காசிமேட்டு விசைப்படகு.
வலப்பக்கம் மொத்தமும் வாதத்தில் போயிருந்தது.
அவர் மனைவி எட்டியம்மாளிடம்
பழைய சேலை ஒன்று கேட்டேன்.
நாலாக மடித்துச் சுருட்டிக்
கெண்டைக்காலுக்குக் கொடுத்துவிட்டுக்
கையை உருவினேன்.

"இன்னா சிஸ்டர், கைய எட்த்துட்ட?
ராவெல்லாம் அது ஒண்ணுதான்
அவரு கால புட்ச்சினு இர்ந்துச்சி."

அதற்கு என்னிடம் ஆய்வு இல்லை.

படத்தில் இருந்த குதிகால்கள் எல்லாம் வெளிர்சிவப்பு.
சிவந்த இடத்தை அழுத்து,
வெளுத்துத் திரும்பினால் தப்பித்தது,
வெளுக்காவிட்டால் புண் உள்ளே ஆரம்பித்துவிட்டது.
தேசப்பன் கால்
உப்பும் வெயிலும் டீசலும்
நாற்பது வருஷம் ஊறிய கறுப்பு.
இதில் எங்கே போய்ச் சிவப்பைத் தேட?
டார்ச் அடித்துக் குனிந்து கிடந்தேன்.

"தள்ளு" என்றாள் எட்டியம்மாள்.
ஏலத்தில் வஞ்சிரத்தை அழுத்திப் பார்க்கும் கட்டைவிரல்.
இடது குதிகாலில் வைத்தாள்.
அப்புறம் வலது.
மறுபடி இடது.
"இது எழும்பி வருது.
இது கல்லு மாரி கீது. சூடு வேற."

டார்ச்சை அணைத்தேன்.
சேலையை இன்னொரு மடிப்பு உயர்த்தினேன்.
அவள் சொன்னதை அப்படியே நோட்டில் எழுதினேன்:
தேதி, மணி, கட்டில் எண்,
கல்லு மாரி.

பிறகு தேடியதில் அதுவும் கிடைத்தது.
கறுத்த தோலில் நிறத்தை நம்பாதே,
சூட்டையும் இறுக்கத்தையும்
பக்கத்துத் தோலோடு ஒப்பிட்டுப் பார்
என்று யாரோ எழுதியிருந்தார்கள்.
அவர்கள் மீன் வாங்கியிருப்பார்களா, தெரியாது.

அன்றிலிருந்து அவள் கை
அவர் பாதத்தின் மேல்பக்கம் கிடந்தது.
கீழே சேலை தாங்கியது.
மேலே கை சும்மா கிடந்தது.
அதை எடுக்கச் சொல்ல
எந்தப் பக்கத்தையும் நான் புரட்டவில்லை.

மூன்று மாதம்.
ஜன்னலைத் திறந்தால் துறைமுகக் கரி படியும் நோட்டில்
நாற்பத்தொரு பேர்.
இரண்டு பேருக்குப் புண் வந்தது.
ஒன்று, சேலை நழுவிய ராத்திரி,
நான் வார்டின் அந்தக் கோடியில் இருந்தேன்.
இன்னொன்று ஏனென்று தெரியவில்லை.
முன்பெல்லாம் எத்தனை வரும் என்று கேட்காதீர்கள்.
முன்பு யாரும் எண்ணவில்லை.

ஞானசௌந்தரி நோட்டைக் கேட்டு வாங்கினார்.
நின்றபடியே முழுதும் படித்தார்.
ஒரு தேதியைச் சிவப்பு மையில் திருத்தினார்.
"கணக்கு சரிதானா?"

"இல்ல மேடம், நடுவுல ரெண்டு ராத்திரி
எழுத முடியல."

"அதையும் எழுது."